மூன்று தரம் மறிக்கப்பட்ட றோபோக் கை

அனுப்புநர்:
கனகசபை தியாகலிங்கம்,
வேலணை மேற்கு,
வேலணை.

பெறுநர்:
தொழில் அலுவலர் அவர்கள்,
மாவட்டத் தொழில் அலுவலகம்,
யாழ்ப்பாணம்.

பொருள்: ஊர்காவற்றுறை ‘நெய்தல் மின்கார் பொருத்தகத்தில்’ திருகாணி இறுக்கும் றோபோக் கையை நிறுத்தியதற்காக, செல்வி ஆ. சிவரூபி வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டமை தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

தாங்கள் நம்பவே மாட்டாத ஒரு கதையை இம்மனுவில் சமர்ப்பிப்பதாக முதலிலேயே சத்தியம் பண்ணுகிறேன். நம்பாமல் விடுவதற்குத் தங்களிடம் நியாயமும் உண்டு. போன ஆவணியில் குறிகட்டுவான் துறையிலே ஒரு சுறாமீன், வரிசையில் நின்ற சனத்தை விலக்கிக்கொண்டு ரிக்கெற் எடுக்காமல் நயினாதீவுக்குப் போகும் லோஞ்சுப் படகில் ஏறியதென்று, தங்கள் அலுவலகம் உட்பட ஏழு அலுவலகங்களுக்கு மனுப் போட்டவன் நானே. லோஞ்சில் சனம் கூடிப்போச்சென்பதே அதன் சாரம்.

1. மேற்படி பொருத்தகத்தில் மின்சாரக் கார்களைப் பாகம் பாகமாக இறக்கிப் பூட்டுகிறார்கள். சென்ற வருடம் முதல் அங்கே ஒரு றோபோக் கை நிற்கிறது. அதற்குக் கூண்டில்லை, வேலியில்லை. ஆட்களோடு தோளுக்குத் தோள் நின்று திருகாணி இறுக்கும். ஒரு நாளில் அது இறுக்கும் ஆணிகளைக் கொண்டு நயினாதீவுக்குப் பாலம் போட்டு, மிஞ்சினதில் நெடுந்தீவுக்கும் அத்திவாரம் போடலாம். தேத்தண்ணி கேளாது, லீவு கேளாது, கலியாணப் பேச்செடுத்தால் முகத்தைத் திருப்பாது.

2. அதற்குப் பக்கத்தில் நின்று ஆணியை எடுத்து வைப்பதும், இறுக்கினதைத் தொட்டுப் பார்ப்பதும் என் தங்கச்சி நல்லம்மாவின் மகள் சிவரூபியின் வேலை. மனிதரின் உள்ளங்கை பட்டால் அந்த இயந்திரம் அப்படியே நின்றுவிடும். சந்தேகம் வந்தால் யாரும் அப்படி நிறுத்தலாமென்று சுவரில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

3. வாணி விழாவுக்கு மறுநாள், அதாவது கடந்த 2ஆம் திகதி காலை, ஆசனப் பட்டியின் தகட்டைக் காரின் தூணோடு பிடிக்கும் ஆணியை றோபோக் கை இறுக்கியது. பச்சை லைற் எரிந்தது. சிவரூபி தகட்டை ஆட்டிப் பார்த்தாள், ஆடியது. உடனே இயந்திரத்தை மறித்தாள். திரும்பவும் இறுக்கியது, திரும்பவும் பச்சை, திரும்பவும் ஆட்டம். இப்படி மூன்று தரம். மேற்பார்வையாளர் ஜெயரூபன் வந்து திரையைப் பார்த்தார், தகட்டைத் தொடவில்லை. “லைற் பச்சை. அதுக்கு மேலால நீர் ஆர்?” என்றார். “லைற்றுக்குத் தெரியாது சேர், விரலுக்குத் தெரியுது” என்றாளாம் பிள்ளை. அவளை விலக்கிவிட்டு, வரிசையில் நின்ற ஆறு கார்களுக்கும் இறுக்கி முடித்து, மேல்மூடியும் பூட்டிவிட்டார்கள். இனி வெளியால் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

4. அன்று பின்னேரமே கடிதம் வந்தது: ‘காரணமின்றி இயந்திரத்தை மூன்று தரம் மறித்தமை.’ விசாரணை 9ஆம் திகதி. கார்கள் 10ஆம் திகதி வெளியே போகின்றன. அந்தப் பட்டிகளை நம்பி ஆட்கள் ஏறப் போகிறார்கள். காரணம் காட்ட ஏலாவிட்டால் அவளுக்கு வேலையில்லை. அவளிடம் காரணம் இல்லை, ஐயா. அது என்னிடம் இருக்கிறது.

5. வாணி விழாவன்று பொருத்தகத்துக்கு அழைக்கப்பட்ட பிரமுகர்களில் அடியேனும் ஒருவன். (அழைத்தது சிவரூபி; பிரமுகர் ஆனது நானாக.) ஐயர் றோபோக் கைக்குப் பொட்டு வைத்துவிட்டுச் சந்தனக் கும்பாவை என்னிடம் தந்தார். வரிசையில் ஆறு கார்க் கூடுகள் வெறுமனே நின்றன. நெற்றியில்லாத வாகனத்துக்கு எங்கே பொட்டு வைப்பது? ஒவ்வொன்றின் தூணிலும் விரல் நுனியளவில் ஒரு துவாரம் இருந்தது. அது ஆணிக்குரிய துவாரமென்று அப்போது தெரியாது, அதற்குள் வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்கு, அப்பினேன். ஆறிலும். பார்க்க வடிவாயும் இருந்தது. விடியுமுன் அது காய்ந்து கல்லாகியிருக்கும். பாதி இறங்கின ஆணி அதில் இறுகி நிற்கும். அந்த இயந்திரத்துக்கு எவ்வளவு இறுக்கம் என்றுதான் தெரியும், எவ்வளவு ஆழம் என்று தெரியாது. ஆகவே பச்சை.

6. மருமகள் சிவரூபிக்குக் கடிதம் வந்த மறுநாளே ஜெயரூபனிடம் நேரில் போய் இதைச் சொன்னேன். “அண்ணை, போன முறை சுறா, இந்த முறை சந்தனமோ? அடுத்த முறை ஆனையைக் கொண்டு வாங்கோ” என்று சிரித்து, கேற் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். நாற்பது வருசமாய் ஊரைச் சிரிக்கப் பண்ணினவன் நான். முதல்தரமாய் ஒருவர் சிரித்தது எனக்குப் பயமாயிருந்தது. நல்லம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் ஊற்றித் தரும் தேத்தண்ணியைக் குடிக்கவும் ஏலாது, வைக்கவும் ஏலாது.

7. ஆகையால், 9ஆம் திகதி விசாரணைக்குத் தாங்களோ தங்கள் உத்தியோகத்தர் ஒருவரோ வந்து, சிவரூபியின் முன்னிலையில் ஆறு கார்களில் எதையாவது ஒன்றைத் தாங்களே தெரிவுசெய்து, அந்த மூடியைத் திறந்து ஆணியைக் கழற்றுவிக்கும்படி மன்றாடுகிறேன். என் சொல்லை நம்ப வேண்டாம். ஆணி கழற்றும் சாவி ஒன்று போதும். குற்றமென்று எழுத ஒரு பெயர் தேவையென்றால் என் பெயரை எழுதுங்கள். முழுப் பெயரும் மேலே உண்டு.

இம்மனுவிலிருந்து சுறாவை வெட்டிவிடுங்கள். பாலத்தையும், பிரமுகரையும் வெட்டிவிடுங்கள். மருமகளின் பகுதி அவள் வாயால் வந்தது. அதில் நான் கை வைக்கவில்லை. என் பங்கில் உண்மை ஒரு விரல் நுனியளவுதான். ஆணியைக் கழற்றி மூக்கில் வைத்து மணந்து பாருங்கள், ஐயா.

இடம்: வேலணை
திகதி: 07.10.2025

கையும் களவுமாகப் பிடிபட விரும்பும்,
க. தியாகலிங்கம்
(ஒப்பம்)