பசுமலை வெயிலில் ஒரு ஸ்வெட்டர்

அக்கா,

இன்று காலை எஸ்தர் பீரோவைத் திறந்து துணிமணிகளையெல்லாம் கட்டிலில் எடுத்துப் போட்டாள். மழைக்காலம் முடிந்ததும் வருஷந்தோறும் அவள் செய்கிற வேலை. பாச்சா உருண்டை வாசனை வீடு முழுக்கப் பரவியது. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனேன். அந்த மெரூன் ஸ்வெட்டர் அவள் கையில் இருந்தது. வாங்கி முகத்தருகே கொண்டுபோனேன். உருண்டை வாசனைக்கு அடியில் நீ தடவிக்கொள்கிற தைலத்தின் வாசனை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. துவைத்துவிடட்டுமா என்று எஸ்தர் கேட்டாள். வேண்டாம், வெயிலில் மட்டும் போடு என்றேன். என் மனைவிக்கு என்னிடம் இரண்டாவது கேள்வி கேட்கிற பழக்கம் உண்டு. இன்றைக்குக் கேட்கவில்லை. மாடிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாடி என்று சொல்வது மரியாதைக்குத்தான். நீ பார்த்த மொட்டை மாடியேதான் இன்னும். மேலே ஒரு ரூம் எடுப்பதற்காக நாலு மூலையிலும் விட்ட கம்பிகள் துருப்பிடித்து நிற்கின்றன. ஊரை விட்டே போகப் போகிறோம், இப்போது எதற்கு மாடி என்று நிறுத்திய வேலை அது. கம்பிகளுக்கு இடையில் எஸ்தர் கொடி கட்டியிருக்கிறாள். உன் ஸ்வெட்டர் அதில்தான் காய்கிறது. நான் கீழே உட்கார்ந்து உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அத்தான் இறந்து ஒரு வருஷம் ஆன சமயம் நீ போன் பண்ணி, அமெரிக்கக் குடியுரிமை வாங்கப் போகிறேன் என்றாய். எனக்கு ஆச்சரியம். நர்ஸாகப் போனதிலிருந்து கிரீன் கார்டிலேயே காலத்தை ஓட்டியவள் நீ. பசுமலையில் பிறந்தவளுக்கு எதுக்கு இன்னொரு நாடு என்று அத்தானிடமே சண்டை போட்டவள். ஆனால் குடியுரிமை இருந்தால்தான் கூடப்பிறந்தவனை அங்கே அழைத்துக்கொள்ள மனுப் போட முடியுமாம். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில், பனி கொட்டுகிற ஊரில், தனியாக ஒரு ஆளுக்குச் சோறு வடித்துச் சாப்பிட முடியவில்லை என்றாய். பழைய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று போனில் உன் குரல் உடைந்திருந்தது. "உனக்காகத்தான்டா தம்பி," என்றாய். நான் கேட்டேனா என்று வழக்கம்போல வம்புக்கு இழுத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாய்.

அதற்குப் பிறகு நாங்கள் அடித்த கூத்து இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வருகிறது. மனுவை ஏற்றுக்கொண்டதாக உனக்கு ஒரு தாள் வந்தது. அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாய். நம் சபை வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. வீட்டில் நல்லது நடந்தால் ஸ்தோத்திரக் காணிக்கையை உறையில் போட்டு, காரணத்தை மேலே எழுதிக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் அதைச் சத்தமாக வாசிப்பார். பசு கன்று போட்டதிலிருந்து பையன் அரியர்ஸ் பாஸ் பண்ணினது வரைக்கும் ஊர் அறிவது அப்படித்தான். கர்த்தர் கொடுத்ததை வாய் திறந்து சொல்லாவிட்டால் அது தங்காது என்பது எஸ்தரின் உறுதியான நம்பிக்கை. கொஞ்சம் பொறு, அக்காவிடம் விவரம் கேட்போம் என்றேன். அதற்குள் உறை தயார்.

"குடும்பமாக அமெரிக்கா செல்ல அனுமதி கிடைத்தமைக்காக" என்று போதகர் வாசித்ததும் கோயிலில் இருந்த அத்தனை தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. அந்த வாரமே வீட்டில் ஜெபக்கூட்டம். வந்தவர்களுக்கெல்லாம் பிரியாணி. யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஒருவர் காதை மூடுகிற குல்லா கொடுத்தார். இன்னொருவர் எலுமிச்சை ஊறுகாய், கெட்டுப்போகாது என்ற உத்தரவாதத்தோடு. பெண்கள் சங்கத்துத் தலைவி கொடைக்கானலுக்கு ஆள் அனுப்பி இந்த மெரூன் ஸ்வெட்டரை வாங்கி வரச் செய்திருந்தார். எல்லார் முன்னாலும் எனக்குப் போட்டும் பார்த்தார்கள். பங்குனி மாதம். மின்விசிறிக்கு அடியில் வியர்த்து ஊற்ற நான் நின்றதை என் மகள் அப்போது கைதட்டி ரசித்தாள். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்து நீ பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. "அது விசா இல்லடா. வரிசையில நமக்கு ஒரு இடம் இருக்குன்னு சொல்ற தாளு. வரிசை நகர எம்புட்டு வருஷம் ஆகும்னு யாருக்கும் தெரியாது," என்றாய். பிரியாணி செரித்துப்போய்விட்டது. ஊறுகாய் பாட்டிலும் திறந்தாகிவிட்டது. யாரிடம் போய் என்னவென்று சொல்ல?

அன்றைக்குத் தொடங்கியது அந்தக் கேள்வி. "இன்னும் போகலையா?" மருந்துக் கடையில் கேட்டார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டார்கள், இழவு வீட்டில்கூடக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். கோரிப்பாளையம் சிக்னலில் பழைய நண்பன் பக்கத்து வண்டியிலிருந்து, "மாப்ள, இன்னும் ஊர்லதான் இருக்கியா?" என்று கத்தினான். ஆட்டோக்காரர்கள் உட்பட எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தேதி வரவில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. கடைசியில், போயிட்டு வந்துட்டேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். அதையும் சிலர் நம்பினார்கள்.

மாதாமாதம் அமெரிக்க அரசாங்கம் ஒரு தேதிப் பட்டியல் போடும். அந்தத் தேதிக்கு முன்னால் மனுப் போட்டவர்களெல்லாம் வரலாம் என்று அர்த்தம். நீ அங்கே பார்ப்பாய், நான் இங்கே பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் உன் போன் வரும். சில மாதம் கொஞ்சம் நகரும். சில மாதம் அப்படியே நிற்கும். ஒரு தடவை பின்னோக்கியே போய்விட்டது. பெரியார் நிலையத்தில் நிற்கிற டவுன் பஸ்கூட ரிவர்ஸ் எடுத்தால் வெளியே வருவதற்குத்தான் எடுக்கும், இது என்ன கொடுமை என்று நான் கத்தினேன். நீ நிதானமாகச் சொன்னாய்: "தல்லாகுளம் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு எத்தனை பேரை அடுத்த வாரம் வாங்கன்னு அனுப்பிருப்ப? அவுக விட்ட பெருமூச்சுடா இது." அரசாங்க குமாஸ்தாவிடம் இப்படிப் பேசுகிற தைரியம் உனக்கு மட்டும்தான் இருந்தது.

காத்திருப்பது சும்மா இருப்பது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மாடி எடுக்கவில்லை. பழைய பிரிட்ஜை மாற்றவில்லை. முற்றத்தில் ஒரு மாங்கன்று வைக்கலாம் என்று எஸ்தர் சொன்னபோது, காய்க்கும்போது யார் இருக்கப் போகிறோம் என்றேன். இந்நேரம் அது எத்தனையோ தடவை காய்த்திருக்கும். மகளுக்கு வரன் வந்தபோதும் தயங்கினோம். கல்யாணம் ஆகிவிட்டால் எங்கள் மனுவில் அவளுக்கு இடம் கிடையாது. நீதான் அதட்டினாய். "ஒரு கையெழுத்துக்காகப் பிள்ளைய வீட்டுல வச்சுருக்காத. நல்ல பையன்னா முடிச்சு வையி. என்னையப் பாக்க ரெண்டு பேரு வந்தாப் போதும்," என்றாய். அவள் கோயம்புத்தூரில் நன்றாக இருக்கிறாள், அக்கா. அதற்கு உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ தேதியைப் பற்றிப் பேசவில்லை. எனக்குப் புற்று, ஈரல் வரைக்கும் போய்விட்டது என்றாய். இன்னொருவர் ஸ்கேனைப் படித்துச் சொல்கிற மாதிரி நர்ஸ் குரலில் சொன்னாய்.  குடியேறுகிற விசாவுக்குத்தானே வரிசை, அக்காவைப் பார்த்துவிட்டு வர ஒரு விசா கேட்போம் என்று சென்னையில் அமெரிக்கத் தூதரகத்துக்கு ஓடினேன். கோட்டு ஒன்று இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். உங்களுக்காக யாராவது குடியேற்ற மனுப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். ஆமாம், என் அக்கா போட்டிருக்கிறாள், அவளைப் பார்க்கத்தான் போகிறேன் என்றேன். அதோடு முடிந்தது. அங்கேயே வந்து தங்குவதற்கு மனுப் போட்டிருக்கிறவன் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான் என்று அவர் எப்படி நம்புவார்? ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ரயிலில் திரும்பும்போது எனக்கு வந்த கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியவில்லை. என்னை உன்னிடம் கொண்டுவந்து சேர்க்க நீ போட்ட மனுவே குறுக்கே வந்து நின்றது. உன்மேலும் கோபம் வந்தது. எதற்காகப் போட்டாய், யார் கேட்டார்கள் என்று போனில் கத்திவிட்டு அழுதேன். நீ நான் முடிக்கும்வரை காத்திருந்தாய்.

"தேதிதான் நம்ம கையில இல்ல, தம்பி. டிக்கெட்டு என் கையில இருக்கு. நான் வாரேன்," என்றாய்.

மதுரை விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் உன்னைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, பாதியாகிப்போன உன்னைப் பார்த்து எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். நீ முதலில் சொன்னது உன் உடம்பைப் பற்றி இல்லை. சென்னையில் உன்னை வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நிறுத்திவிட்டார்களாம். எத்தனை நாள் தங்கப் போகிறீர்கள் என்று கேட்ட பையனிடம், "இருக்குறவரைக்கும்," என்றாயாம். சொல்லிவிட்டு நீயே சிரித்தாய்.

அந்தச் சித்திரை வெயிலில் பசுமலைப் பாறையே கொதித்தது. உனக்கு மட்டும் குளிர்ந்தது. போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. எஸ்தர்தான் பீரோவைத் திறந்து இந்த ஸ்வெட்டரைக் கொண்டுவந்தாள். எனக்கென்று வாங்கியது, உனக்குத் தொளதொளவென்று இருந்தது. கை நீண்டு விரல்களை மூடியது. எஸ்தர் உட்கார்ந்து இரண்டு கையையும் பொறுமையாக மடித்துவிட்டாள். "அமெரிக்காவுக்கு வாங்குன ஸ்வெட்டரு. கடைசியில அமெரிக்காக்காரிதான் போட்டுக்கிட்டா," என்றாய். ஸ்வெட்டர் வாங்கித் தந்த பெண்கள் சங்கத்து அம்மா உன்னைப் பார்க்க வந்தபோது, அதை நீ கழற்றுவதே இல்லை என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

அப்போதும் மாதம் பிறந்தால் நாம் தேதி பார்ப்பதை விடவில்லை. இப்போது போன் தேவையில்லை. ஒரே கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம். நீ கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, பக்கத்துல வந்துருச்சுடா என்பாய். ஒரு நாள் அப்படிப் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்தாய்.

"நான் போயிட்டா அந்த மனுவும் போயிரும். தெரியும்ல?"

தெரியும் என்றேன். மனுப் போட்டவர் இல்லையென்றால் மனுவும் இல்லை என்பதை எப்போதோ படித்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"இம்புட்டு வருஷம் காக்க வச்சுட்டேனேடா. வருத்தமா இருக்கா?"

"நீ இங்கதான இருக்க. அங்க எனக்கு யாரு இருக்கா?" என்றேன்.

 ஸ்வெட்டரின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தாய். கொஞ்ச நேரம் கழித்து, காபி போடச் சொல்லு, எஸ்தரு சீனியக் குறைக்கிறா என்று புகார் சொன்னாய்.

மழை தொடங்குவதற்குள் போய்விட்டாய். உன் மரணத்தை அந்த அலுவலகத்துக்கு மகள்தான் எழுதித் தெரிவித்தாள். மனிதாபிமான அடிப்படையில் மனுவை மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம் அப்பா என்றாள். கேட்டு, கிடைத்து, நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? வேண்டாம் என்றேன்.

ஆனால் தேதி பார்க்கிற பழக்கம் போகவில்லை, அக்கா. மாதம் பிறந்தால் கை தானாகப் போனை எடுக்கிறது. போன மாதம் பட்டியல் நம் தேதியைத் தாண்டிவிட்டது. நானும் எஸ்தரும் மாறி மாறிப் பார்த்தோம். நீ இருந்திருந்தால் இந்நேரம் போனில் என் காது கிழிந்திருக்கும். எனக்கு அழுகை வந்தது. அமெரிக்கா போகவில்லையே என்று இல்லை. இதை முதலில் சொல்ல வேண்டிய ஆள் நீ, உன்னிடம் சொல்ல முடியவில்லையே என்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் ஒரு உறையை எடுத்து என் முன்னால் வைத்தாள். அன்றைக்கு அவசரப்பட்டு நான் எழுதினேன், இன்றைக்கு நீங்கள் எழுதுங்கள் என்றாள். நான் யோசிக்கவே இல்லை. "அக்கா எங்களிடம் வந்து சேர்ந்தமைக்காக" என்று எழுதினேன்.

இப்போது இருக்கிற போதகர் புதியவர். உன்னைத் தெரியாது. அவர் அதை வாசித்ததும் பழைய தலைகளெல்லாம் முன்பு போலவே எங்கள் பக்கம் திரும்பின. பெண்கள் சங்கத்து அம்மா கண்ணைத் துடைத்தார். போதகர் மட்டும் மனம் நிறைந்து சிரித்து, மிகவும் சந்தோஷம், அடுத்த வாரம் சகோதரியையும் ஆராதனைக்கு அழைத்து வாருங்கள் என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். நான் உட்கார்கிற ஜன்னலோர இடத்திலிருந்து பார்த்தால் கல்லறைத் தோட்டம் தெரியும். நீ இருக்கிற மூலையும் தெரியும்.

வெயில் இறங்கிவிட்டது. மாடிக்குப் போய் ஸ்வெட்டரை எடுக்க வேண்டும். இந்தத் தடவை அதற்கு உருண்டை போட வேண்டாம் என்று எஸ்தரிடம் சொல்லப் போகிறேன். விடியற்காலையில் இப்போது எனக்கே கொஞ்சம் குளிர்கிறது. என் அளவுக்கு வாங்கியதுதானே, நானே போட்டுக்கொள்கிறேன். உன் கைக்காக எஸ்தர் மடித்துவிட்ட மடிப்பு இரண்டு பக்கமும் அப்படியே இருக்கிறது. எனக்கு மணிக்கட்டு வரைக்கும் எட்டாது. பரவாயில்லை, அதை நான் பிரிக்கப் போவதில்லை.

உன் தம்பி