மூடி கழற்றாத பேனா

மார்ச் 4, செவ்வாய்

ஆற்றுப் பெரிய பாலம் நடுவில் இடிந்து, இந்தக் கரையில் ஒரு மந்திரியும் அந்தக் கரையில் ஒரு மந்திரியும் நின்று கையசைத்துவிட்டுப் போன வருஷம் இது. வருஷத்துக்கு நம்பர் போடுவது படித்தவர்கள் வேலை. எனக்கு இப்படித்தான் நிற்கும். எனக்குக் கல்யாணம் ஆனது துறைமுகத்தில் பஞ்சுக் கப்பல் எரிந்த வருஷம். தம்பி செத்தது ஊரெல்லாம் கரண்ட் போய் ஐஸ் கம்பெனிக்காரன் தெருவில் ஐஸை அள்ளிக் கொட்டிய வருஷம்.

எழுதுவது நான் இல்லை. என் கையெழுத்து கட்டைவிரல்தான். நான் சொல்கிறேன், பெண்டாட்டியின் தங்கை எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தில் டைப் அடித்து ரிட்டயர் ஆனவள். என் கல்யாணத்தில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தபோது, பின்னால் வந்து என் காதைக் கடித்துவிட்டு ஓடிய சிறுக்கி. அன்றைக்கு வாலு என்று பேர் வைத்தேன். தலை நரைத்தும் வாலுதான்.

போன வாரம் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் நான் போட்ட சத்தத்துக்கு வாட்ச்மேன் வந்து என் தோளில் கை வைத்தான். வாலு ஓடிவந்து விலக்கினாள். "அத்தான், இப்படிக் கத்தினா அக்காவுக்கு மாத்திரையே கிடைக்காம போயிடும். திட்டணும்னா வீட்டுக்கு வந்து திட்டுங்க. நான் எழுதி வைக்கிறேன்." மருந்துக் கம்பெனிக்காரன் ஓசியில் கொடுத்த இந்த டைரி அதற்காகத்தான். எச்சில் துப்பக் கிண்ணம் வைப்பதில்லையா, அது மாதிரி.

விஷயம் இதுதான். பெண்டாட்டிக்கு மார்பில் வந்த கட்டி எலும்புக்குள் இறங்கிவிட்டது. குணமாக்க இனி ஒன்றுமில்லை, வலியை அடக்குவதுதான் பாக்கி என்று பெரிய டாக்டர்கள் கையைக் கழுவிக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் இருக்கிற வலி கிளினிக்குக்குத் தள்ளிவிட்டார்கள். முன்னே துடைப்பமும் பினாயிலும் வைத்திருந்த அறை. செவ்வாய்க்கிழமை மட்டும் திறக்கும். வலிக்கு மற்ற நாள் லீவு போலிருக்கிறது.

அங்கே இருக்கிற டாக்டருக்கு நான் வைத்த பேர் பேனாமூடி. பேனாவைக் கையில் எடுப்பார். மூடியைத் திருகுவார், தட்டுவார், பல்லில் வைப்பார். கழற்ற மாட்டார். கொடுக்க வேண்டியது மார்ஃபின். அபின் சாதி. அதற்குத் தனிச் சீட்டு, தனி முத்திரை, ஒரு வாரத்துக்கு மேல் எழுதக்கூடாது, ஒரு எழுத்து அடித்துத் திருத்தினாலும் செல்லாது. இவருக்கு முன்னே இருந்த டாக்டர் ஒரு எண்ணை அடித்து எழுதினாராம், கோர்ட்டுக்கு அலைய விட்டுவிட்டார்களாம். அந்தப் பயம் இவருக்கு எலும்பில் ஏறிவிட்டது. அவள் எலும்பில் இருப்பது இவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

முதல் நாள் அவர் கேட்ட கேள்வி: "வீட்டுல யாராவது போதைக்கு அடிமையா இருந்திருக்காங்களா? சட்டப்படி கேக்கணும்."

"இருந்தான் ஒருத்தன். என் தம்பி. ஊசிப்பய" என்றேன். பெண்டாட்டி தரையைப் பார்த்தாள். பேனாமூடி இன்னும் கொஞ்சம் மூடியைத் திருகினார்.

மார்ச் 5, புதன்

இன்று சொன்னதில் பாதியை வாலு எழுத மறுத்துவிட்டாள். மீதிப் பாதியில் சாரம் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஆஸ்பத்திரி என்றால் பெண்டாட்டிக்கு வெளுத்த சேலை வேண்டும். தலை வாரி, முகத்தில் பவுடர் பூசி, சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போகிற மாதிரி. ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அம்மா... அம்மா" என்று முனகியவள், பேனாமூடியின் கதவு திறந்ததும் நிமிர்ந்துவிட்டாள்.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"நல்லா இருக்கேன் தம்பி. நீங்க ஏன் இப்படி இளைச்சுட்டீங்க? வேளைக்குச் சாப்பிடறதில்லையா?"

நர்ஸ் ஒரு அட்டையை நீட்டினாள். வரிசையாக மூஞ்சி வரைந்தது. சிரிக்கிற மூஞ்சி பூஜ்யம், கதறுகிற மூஞ்சி பத்து. படிக்காதவனுக்கும் புரிகிற அட்டை, ஒத்துக்கொள்கிறேன். இவள் மூன்றில் விரல் வைத்தாள்.

"போன தடவையும் மூணுதான். மூணுக்கு இந்த அளவு எழுதினா நாளைக்கு இன்ஸ்பெக்டர் என்னைக் கேப்பார். குறைச்சுத்தான் எழுதணும்" என்றார் பேனாமூடி.

"டாக்டர், இவ பொய் சொல்றா. வழியெல்லாம் அலறிக்கிட்டு வந்தா."

"நோயாளி வாயால சொல்லணும் ஐயா. நீங்க சொல்றதை நான் எழுத முடியாது."

"அவர் எப்பவும் இப்படித்தான் தம்பி. எதையும் பெருசு பண்ணுவார்" என்று சிரிக்கிறாள்.

என் தலையை எதில் முட்டுவது? சுவருக்கும் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

வெளியே பெஞ்சில் ஒரு பஸ் டிரைவர். தாடையில் புற்று, பாதி முகம் கட்டு. செவ்வாய்க்கிழமைப் பழக்கம். நான் பொருமியதைக் கேட்டுவிட்டு வாயின் ஒரு ஓரத்தால் சொன்னார்: "பெரியவரே, எனக்கு மூஞ்சியே சீட்டு. பார்த்ததும் எழுதிடறார். உங்க வீட்டம்மா பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி வந்து உக்காந்தா, அவர் மாத்திரையா எழுதுவார், கல்யாணப் பத்திரிகைதான் எழுதுவார்."

பெண்டாட்டி சிரித்தாள். சிரித்ததில் வலித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கதவு சாத்தியிருந்தது. பேனாமூடி பார்க்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

குறைத்த மாத்திரை மத்தியானம் வரை தாங்குவதில்லை.

துண்டை மடித்துப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதாம். தொட்டால் வலி, தொடாவிட்டாலும் வலி. போர்வை பட்டால் கூட. விசிறலாம் என்று போனால் காற்றும் வலிக்கிறதாம். என்ன செய்ய? நான் மூட்டை தூக்கியவன். தூக்கி வைத்துவிட முடியாத பாரம் ஒன்றை இப்போதுதான் பார்க்கிறேன்.

சட்டம் எதற்கு வந்தது என்று எனக்குத் தெரியாதா? என் தம்பி மாதிரிப் பதர்களுக்காக வந்தது. துறைமுகத்தில் சரக்கு தூக்குகிற வின்ச் சங்கிலி அறுந்து அவன் இடுப்பில் அடித்தது. கம்பவுண்டர் ஒருவன் ஊசி போட்டான். எலும்பு கூடியது, ஊசி நிற்கவில்லை. பிறகு பின்வாசல் வழியாகக் காசுக்கு. வீட்டில் அண்டாவைக் காணோம், பித்தளைக் குடத்தைக் காணோம். என் கடிகாரத்தைக் காணோம். கடைசியில் பின்பக்கத்து அறையில் சுருண்டு செத்தான். இவள்தான் அவனுக்குச் சோறு வைத்தாள். நான் அந்த அறை வாசலில் நின்று பேசியதெல்லாம் தெருவுக்கே தெரியும். ஐஸ் உருகி எங்கள் வாசல் வழியாக ஓடியது அந்த வாரம்.

அந்த ஒரு பயல் செய்ததற்கு ஊரிலுள்ள வலிக்காரர்கள் எல்லோரும் கட்ட வேண்டிய அபராதம் இது. நல்ல நியாயம்.

மார்ச் 14, வெள்ளி

துண்டு கிழிந்துவிட்டது. வேறு துண்டு.

மார்ச் 16, ஞாயிறு

இன்றைக்கு வாலு இல்லாத நேரத்தில் நடந்ததை வந்த பிறகு சொல்லி எழுத வைக்கிறேன்.

மாத்திரை வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் தின்றிருக்க வேண்டிய மாத்திரைகளும் சேர்ந்து கிடக்கின்றன. குறைத்துக் கொடுத்ததிலும் இவள் குறைத்துத் தின்றிருக்கிறாள்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. "என்னடி இது? அங்கே அவன் தரமாட்டேங்கிறான், இங்கே நீ திங்கமாட்டேங்கிற. ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்கறதா முடிவு பண்ணிட்டீங்களா?"

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கத்தாதீங்க. அந்த மாத்திரையைப் போட்டா நல்லாத்தான் இருக்கு. அதுதான் பயமா இருக்கு."

"நல்லா இருந்தா என்ன பயம்?"

"உங்க தம்பிக்கும் முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு."

நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் முடித்துவிட்டாள். "அந்த அறை வாசல்ல நின்னு நீங்க பேசின பேச்சு ஒண்ணுவிடாம எனக்கு ஞாபகம் இருக்குங்க. உங்களுக்கு மட்டும்தான் ஞாபகசக்தின்னு நினைக்காதீங்க. அவன் செத்து இத்தனை வருஷமாச்சு, போன மாசம் டாக்டர் முன்னாடி கூட ஊசிப்பயன்னுதான் சொன்னீங்க. எனக்கும் அப்படி ஒரு பேர் வெச்சுட்டு உக்காந்திருப்பீங்க. போற காலத்துல எனக்கு அது வேணாம்."

டாக்டருக்கு இன்ஸ்பெக்டர் பயம். இவளுக்கு என் வாய் பயம்.

எழுதிவிட்டு வாலு என்னைப் பார்த்தாள். "என்ன பார்க்கிற? எழுதினதை மூடி வை" என்றேன்.

மார்ச் 17, திங்கள்

துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கிய காலத்தில் ஆளைப் பார்த்ததும் பேர் வைப்பேன். கொக்கு, ஓட்டைச் சட்டி, ராத்திரிப் பேப்பர். எல்லோரும் சிரிப்பார்கள். பேர் வாங்கியவன் வீட்டுக்குப் போய் என்ன செய்தான் என்று யார் பார்த்தது.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் இவள் வெளுத்த சேலையை எடுத்தாள். நான் தடுக்கவில்லை. பவுடர் டப்பாவையும் நானே எடுத்துக் கொடுத்தேன். வாலு முறைத்தாள். முறைக்கட்டும்.

பெஞ்சில் டிரைவர் இல்லை. அவர் இடத்தில் யாரோ பை வைத்திருந்தார்கள்.

பேனாமூடி வழக்கம் போல, "எப்படி இருக்கீங்கம்மா?" இவள் வாய் திறப்பதற்குள் நான் குறுக்கே விழுந்தேன்.

"டாக்டர், முதல் நாள் நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க. வீட்டுல யாராவது அடிமையா இருந்தாங்களான்னு. அதுக்கு நான் சொன்ன பதிலை மாத்தணும்."

அவர் மூடியைத் திருகுவதை நிறுத்தினார். "ஐயா, எழுதினதை அடிக்க முடியாது..."

"அடிக்க வேணாம். கீழே எழுதுங்க. என் தம்பிக்கு இடுப்பு நொறுங்கியிருந்துச்சு. எலும்பு கூடினாலும் வலி போகல. வலிக்குதுன்னு அவன் சொன்னதை எந்த டாக்டரும் நம்பல, நானும் நம்பல. சீட்டு எழுத ஒருத்தரும் இல்லாம பின்வாசலுக்குப் போனான். முன்வாசல்ல யாராவது பேனாவைத் திறந்திருந்தா எங்க வீட்டு அண்டா வீட்டுல இருந்திருக்கும். அவன் வலிக்காரன். அவ்வளவுதான். அப்படி எழுதிக்குங்க."

இதை நான் தழுதழுத்துச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடைக்காரனிடம் சில்லறை கேட்கிற குரலில்தான் சொன்னேன். பேனாமூடியைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, அவருக்குப் பின்னால் இருந்த காலண்டரைப் பார்த்து. தம்பி ஒன்றும் உத்தமன் இல்லை. என் கடிகாரம் கடிகாரம்தான்.

பெண்டாட்டி என்னையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. புதுசாக யாரோ வீட்டுக்கு வந்த மாதிரி.

நர்ஸ் அட்டையை நீட்டினாள். இவள் அதைக் கையில் வாங்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் சரி செய்தாள். இருமினாள்.

"ஒன்பது தம்பி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மன்னிச்சுக்குங்க" என்றாள்.

ஒன்பது சொன்னதற்கு மன்னிப்பு. இவளை என்ன செய்வது.

பேனாமூடி நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். எங்கே வலி, எப்போது, படுத்தால் எப்படி, உட்கார்ந்தால் எப்படி என்று முதல் தடவையாக முழுசாகக் கேட்டார். மாத்திரையைச் சொன்ன வேளைக்குத் தின்றால், வலிக்குத் தகுந்த அளவில் தின்றால், திருடப் போக வேண்டிய நிலை வராது என்று அவளுக்கு நிதானமாக விளங்கப்படுத்தினார். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் வாயில் முத்து உதிர்ந்திருக்குமா? கடைசியில் சொல்கிறார்: "சட்டம் என்னை எழுதக்கூடாதுன்னு சொல்லலம்மா. எதுக்கு எழுதினேன்னு காட்டத்தான் சொல்லுது. நான்தான் அதை எழுதாம இருக்கறதுக்கு வெச்சுக்கிட்டேன்."

மூடி கழன்றது. உள்ளே நிப் இருக்கிறது. நான் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

மார்ச் 20, வியாழன்

தூங்குகிறாள். துண்டு கொடியில் காய்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். உப்பு இல்லை என்று என்னைத் திட்டினாள். வாலு கழுத்தைச் சாய்த்து, "அக்கா, அத்தான் சமைச்சதே பெருசு" என்றாள். "அவர் சமைக்கறதுக்கு நான் இன்னொரு மாத்திரை போடணும்" என்றாள் இவள். பகல் முழுக்க அக்காவும் தங்கையும் செத்துப்போன சொந்தக்காரர்களை எல்லாம் வம்பு பேசித் தீர்த்தார்கள். தம்பியைப் பற்றியும் பேச்சு வந்தது. அவன் விசில் அடிப்பானாம், எனக்கு நினைவில்லை. எனக்கு நினைவில்லாதது ஒன்று இருக்கிறது என்பதில் ரெண்டு பேருக்கும் அப்படியொரு சந்தோஷம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அளவைக் கூட்டினார். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. சீட்டில் மை காயட்டும் என்று ஊதினார். அடித்தல் திருத்தல் இல்லையே என்று ரெண்டு தடவை பார்த்தார். பயம் போகவில்லை, பயத்தோடு எழுதுகிறார்.

டிரைவர் போன மாதமே போய்விட்டாராம். நர்ஸ் சொன்னாள்.

மே 9, வெள்ளி

விடிந்த பிறகு. தூக்கத்தில். வாயில் துண்டு இல்லை.

மே 20, செவ்வாய்

மிச்ச மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது சட்டம். செத்தவள் தின்னாமல் விட்டதை யாரும் விற்றுவிடக் கூடாதாம். நாசமாய்ப் போகிற சட்டம் என்று திட்டிக்கொண்டேதான் போனேன்.

பேனாமூடியும் மருந்து ஜன்னல்காரனும் பார்த்திருக்க, நர்ஸ் மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்து, மண்ணைப் போட்டுக் குழப்பினாள். வீட்டு ஆள் சாட்சி வேண்டும் என்றார்கள். மை தடவி விரலை வைத்தேன். என் பெண்டாட்டியின் வலியில் மிச்சமிருந்தது சேற்று நிறத்தில் இருந்தது.

பேனாமூடி வாசல் வரை வந்தார். "ஐயா, உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"உங்களை விட நல்லா இருக்கு. வேளைக்குச் சாப்பிடுங்க" என்றேன். அவள் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள். அதனால் சொன்னது, வேறொன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து பின்பக்கத்து அறையைத் திறந்து போட்டேன். கல்யாணத்தன்று அந்த அறை வாசலில் எல்லோரும் வரிசையாக நின்றது கண்ணில் நிற்கிறது. அப்பா. அம்மா. மாமனார், தும்மிக்கொண்டே. மாமியார். தம்பி, என் சட்டையைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு. பெண்டாட்டி. என் காதில் ரத்தம். அத்தனை பேரும் போயாயிற்று. இனி நான் யாருக்காவது பேர் வைத்தால் அது யாருக்கு என்று தெரிந்து சிரிக்கவோ முறைக்கவோ மிச்சம் இருப்பது ஒருத்திதான்.

எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீயும் மூடியைப் போட்டுவிடாதே. சொல்கிறேன், எழுது.

வாலு.