வெள்ளிமலைப் பேருந்தில் நீ பேசிய ஏழு நிமிடம்

"ஒன்னு, ரெண்டு, மூணு. கேக்குதாடி?"

இன்று காலையும் மடிக்கணினியில் உன் குரல்தான் முதலில். நாம் இருவரும் சேர்ந்து எழுதிய ஒலிச் செயலியைச் சோதிக்க நீ பேசி வைத்த நான்கு நொடி. இரைச்சல் நீங்கித் தெளிவாக வந்தது. அடுத்து உன் அம்மா கொடுத்த ஏழு நிமிடப் பதிவைப் போட்டேன். செயலி தந்தது வெறும் மௌனம். மூன்று நாளாக இதே கதை.

நீ போய் எட்டு மாதம். போன வாரம் நைனார்பாளையத்துக்குச் சென்றபோது அம்மா கைபேசியை நீட்டினார். வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பேருந்தில் நீ அவருக்குப் பேசி அனுப்பியது. அன்று வீடு வந்ததும் காய்ச்சல் என்று படுத்தவள் எழவே இல்லை.

"கடைசில சோறுன்னு இன்னாமோ சொல்றா, பாப்பா. பஸ் எரச்சல்ல புரியல. பசியோடவே வந்து படுத்துட்டாளோன்னு மனசு அடிச்சிக்குது. தெளிவா பண்ணிக் குடேன்."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இரைச்சலை நீக்கும் பகுதி உன்னுடையது. சி மொழியில் எழுதி, பிரவுசரில் ஓடும்படி கம்பைல் செய்தாய். ஒலியை எண்களின் வரிசையாக உன் நிரலுக்குக் கொடுத்து, திரும்ப வாங்கி ஒலிக்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்னுடையது. வேலை முடிந்ததும் உன் நிரல் இரண்டே எண்களைத் தரும்: விடை மெமரியில் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம். எடுத்துக்கொள்வது என் பாடு. தொடக்கத்திலேயே மெமரியை ஒரு முறை திறந்து வைத்துக்கொண்டு கடைசிவரை அதன் வழியே படிப்பேன், விடையைத் தனியாகக் காப்பி எடுத்தால் நேரம் வீண் என்றேன். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்து டீக்கடையில் அதற்குத்தான் சண்டை.

"பெரிய பதிவு வந்தா மெமரி வளரும்டி. நீ முன்னாடி தொறந்து வச்சிக்கினு இருக்கறது காலியாப் பூடும். ஒவ்வொரு தபாவும் புதுசா தொற. காப்பி எடு. அப்பால எடத்த வுட்டுடு."

"அதெல்லாம் வளராது. நீ ஒழுங்கா எழுது."

"எழுதறேன் தாயே. ஆறிப்போவுது, டீயக் குடி."

இந்த மூன்று நாளும் உன் நிரலில்தான் தவறைத் தேடினேன். நீ எதிர்த்துப் பேசமாட்டாய் என்பதால் அது சுலபமாகவும் இருந்தது. இன்று வேறு வழியில்லாமல் என் பக்கத்தில் அந்தத் திறப்பின் நீளத்தைப் பார்த்தேன். நான்கு நொடிப் பதிவுக்குச் சரியாக இருந்தது. ஏழு நிமிடத்துக்குப் பூஜ்யம்; மெமரி வளர்ந்து, நீ சொன்னபடியே அது காலியாகியிருந்தது.

நீ சொன்ன வரிசையிலேயே மாற்றி எழுதினேன். உன் கோப்பில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.

மதியம் நைனார்பாளையம் போய், தெளிவான பதிவை அம்மாவின் காதருகே பிடித்தேன். "மலையில ஒரு வூட்ல சாமைச்சோறு போட்டாங்கம்மா. வயிறு ரொம்பிப்போச்சி. எனக்கு ஒல வைக்காத."

மூன்று முறை போடச் சொன்னார். பிறகு, "துன்னுட்டுதான் வந்துகிது கழுத," என்றார். எட்டு மாதத்தில் முதல்முறையாக உன்னைத் திட்டினார்.

அவர் மனம் ஆறிவிட்டது. என்னுடையது இன்னும் அந்த டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறது. திரும்பும் பேருந்தில் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அந்த நான்கு நொடியை மறுபடி ஓடவிட்டேன்.

"கேக்குதாடி?"

"கேக்குதுடி," என்றேன். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.