காகத்துக்கு வைத்த சோறு

அக்கா,

இன்று காலை உங்கள் வீட்டிலிருந்து எள்ளெண்ணெய் மணம் வந்தது. புரட்டாதிச் சனி. நீங்கள் கண்மூடி எட்டு மாதம். விளக்கேற்றுவது உங்கள் மகள்தான் என்று தெரிந்தும், தேங்காய் துருவிய கை அப்படியே நின்றுவிட்டது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நகரத்துக்குள்ளே பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இருந்த காலத்தில் விரதச் சோற்றுக்குக் காகம் வராது, புறாக்கள்தான் வரும். உங்களுக்கு அது ஒரு மனக்குறை. இரண்டு குடும்பமும் இங்கே பக்கத்துப் பக்கத்து வீடு வாங்கி வந்த அன்று, பின்வாசலில் நின்று சொன்னீர்கள்: "ஒரு பக்கம் காடு, மற்றப் பக்கம் சினிமாவும் பாட்டுக் கச்சேரியும். பிள்ளையளுக்கு வேற என்னடி வேணும்?" வேலிக்கு அப்பால் வனவிலங்குச் சரணாலயத்து மரங்களில் காகங்கள் கரைந்தன. உங்கள் முகம் நிறைந்துபோயிற்று.

பிறகு சனி தவறாமல் வேலியோரம் இலையில் சோறு. அரை மணியில் இலை துப்புரவாகிவிடும். அம்மாவும் அப்பாவும் வந்து சாப்பிட்டுப் போகினம் என்பீர்கள். அதன்பிறகுதான் நீங்கள் சாப்பிடுவீர்கள்.

போன புரட்டாதியில் யன்னலால் கண்டேன். வந்தது காகமல்ல. மரங்களுக்குள் இருந்து ஒரு கொயோட்டி, இங்கத்தைய ஓநாய்ச் சாதி. சாம்பல் நிறம், நரியைவிடப் பெரிது. அவசரமே இல்லாமல் நக்கிவிட்டு, உங்கள் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றது. விலங்குகளுக்கு உணவு வைக்கக்கூடாதென்று சரணாலய வாசலில் பிரெஞ்சில் இருக்கும் பலகையை அகராதி வைத்து வாசித்தவள் நான். ஆனாலும் உங்கள் நம்பிக்கையைக் கெடுக்கும் பாவம் எனக்கு வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அடுத்த சனி இரண்டு வந்தன. உங்களுக்கு நடை தளர, இலை வேலியை விட்டுப் படியடிக்கு வந்தது. அவையும் வந்தன.

உங்களுக்குப் பிறகு மகளும் நிறுத்தவில்லை. இப்போது வந்து சாப்பிடுவது தன் அம்மா என்று நினைத்தாள். அதை எப்படிச் சொல்வது?

இன்று இலையை ஏந்திக்கொண்டு பின்வாசலால் முதலில் வந்தது உங்கள் பேத்தி. மூன்று வயது. வேலிக்கு அப்பால் புல் அசைந்தது. செருப்பும் போடாமல் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். மகளிடம் எல்லாம் சொன்னேன்.

சோற்று இலையைச் சுருட்டியபடி, "அம்மாக்குத் தெரியுமே, அன்ரி?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. நான் சொல்லேல்லை."

"எனக்கும் சொல்லேல்லை."

பிள்ளையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

நகரசபைக்குத் தொலைபேசி எடுத்தேன். திங்கட்கிழமை ஆள் வருமாம். தேவாரம் சொல்ல உட்கார்ந்தால் வாய் வரவில்லை. மதியம் கடந்துவிட்டது, சோறு இல்லை, ஆனால் கொயோட்டிகள் போகவில்லை. இப்போது மூன்றாகிவிட்டன. உங்கள் படிக்கு நேரே படுத்திருக்கின்றன. நான் யன்னலை விட்டு நகரவில்லை, அக்கா. போன கிழமைதான் பேத்தி பின்கதவைத் தானே திறக்கப் பழகினாள்.