மாவு மேட்டில் மழை

அக்கா,

இன்று மத்தியானம் வெயில் இருக்கும்போதே மழை வாசனை வந்தது. பட்டாபிராம் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. முன்பெல்லாம் இந்த வாசனை வந்தால் நாம் இருவரும் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவோம். இப்போது என் கண் நேராக ஆற்றோரத்து மாவு மேட்டுக்குத்தான் போகிறது.

கல்யாணமாகித் தென்காசியிலிருந்து நான் இங்கே வந்த புதிதில், அந்தப் பெயரை முதலில் பக்கத்து வீட்டிலிருந்த உங்கள் வாயில்தான் கேட்டேன். எங்கிருந்தோ வேகனில் வந்த தாதுக்கல்லை அரைக்கும் ஆலை ஒன்று இருந்ததாம். வேண்டியதைப் பிரித்து எடுத்துக்கொண்டு, மிஞ்சிய சாம்பல் நிற மண்ணைக் கூவம் கரையில் கொட்டி வைத்தார்களாம். பிறகு ஆலையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். மைதா மாதிரி நைஸாக இருந்ததால் ஊருக்கே அது மாவு மேடு.

குழாயடியில் என் பித்தளைக் குடத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாமா இப்டி தேய்ச்சினு கீறே? இத்தப் போட்டுத் தேயி, மூஞ்சி தெரியும்" என்று ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டினீர்கள். உள்ளே மேட்டு மண். அன்றைக்கு என் முகம் குடத்தில் தெரிந்தது. அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் அதுதான் நமக்குத் துலக்குகிற தூள். நகக்கண்ணெல்லாம் சாம்பல் ஏற, கிணற்றடியிலேயே கழுவிக் கவிழ்ப்போம். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் சோறும் வைப்போம்.

ஒரு ஐப்பசியில் மழை மேட்டை அறுத்துக்கொண்டு இறங்கி, ஆறே சுண்ணாம்பு கரைத்த மாதிரி ஓடியது. நான் பயந்துவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "அட பயந்தாங்கொள்ளி, மழ பெஞ்சா அல்லாம் கழுவினு பூடும்." அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது.

போன மாதம் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்து மேட்டு மண்ணையும் நம் கிணற்றுத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்தாள். கையில் உறை. எதற்கம்மா என்றேன். "இதுல ஈயம் மாதிரி ஏதாவது இருக்கலாம் ஆன்ட்டி. மழை இழுத்துக்கிட்டு ஆத்துக்கும் போகும், கிணத்துக்கும் போகும். ரிசல்ட் வர்ற வரைக்கும் இந்தத் தண்ணிய குடிக்காதீங்க." ரிசல்ட் இன்னும் வரவில்லை. உங்களைக் கொண்டுபோன சிறுநீரகக் கோளாறு எதனால் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானாக முடிச்சுப் போடக் கூடாது. போடாமல் இருக்கவும் முடியவில்லை.

நீங்கள் இடுப்பில் தூக்கித் திரிந்த என் மகள் செல்விக்கு இப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு இங்கே வரவேண்டியவள். நேற்று போனில், "நீ வராதே, நான் முகப்பேர்ல உன் வீட்டுக்கே வந்து உன்கூட இருக்கேன்" என்றேன்.

"ஏம்மா, நம்ம ஊட்டுக்கு நான் வரக்கூடாதா?" என்று அழுதாள்.

மேட்டைச் சொன்னேன், தண்ணீரைச் சொன்னேன். மெதுவாகக் கேட்டாள்: "நான் சின்னப் புள்ளையில இருந்து அந்தத் தண்ணிதானம்மா குடிச்சேன்?"

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அவளை வராமல் தடுக்க முடிகிறது. அவளுக்குள் ஏற்கெனவே போனதை நான் என்ன செய்வேன்?

நீங்கள் போன பிறகு உங்கள் மருமகள் அந்த பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து தந்தாள். "அத்தை ஞாபகமா நீங்களே வெச்சிக்கோங்க" என்றாள். அதில் இன்னும் பாதி மண் இருக்கிறது. இன்று அதை எறிந்துவிடலாம் என்று எடுத்தேன். குப்பையில் போட்டால் ஏரிக்கரையில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். சாக்கடை ஆற்றுக்குத்தான் போகிறது. கொல்லையில் புதைக்கலாம் என்றால் பக்கத்திலேயே கிணறு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துவிட்டது. மேட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு ஓடை இறங்குவது இங்கிருந்தே தெரிகிறது. எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்றீர்களே, எங்கே போகும், அக்கா? மூடியை இறுக்கிப் பிடித்தபடி உங்கள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.