எட்டு நாளுக்கு விற்ற புளிமாவு

மார்ச் 3, வியாழன்

இன்றும் அவர் காலை ரொட்டியைத் தொடவில்லை. விரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். விழுந்த பள்ளம் மேலே வரவே இல்லை. "இது ரொட்டியா ஹிண்டா, தலையணையா?" என்றார். பையின் மேல் 'யூத ரை ரொட்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ரை தானிய ரொட்டி புளிக்க வேண்டும், இது தின்றால் இனிக்கிறது. எந்த யூதன் இதைத் தின்றான் என்று கடைக்காரனைத்தான் கேட்க வேண்டும்.

அரிசோனாவுக்கு வந்து மூன்றரை மாதம். நாற்பது வருஷம் கோட்டுத் துணி வெட்டிய தூசி என் புருஷன் ஸெலிக்கின் நுரையீரலில் தங்கிவிட்டது. எங்கள் ஊர் புரூக்ளினில் இன்னொரு குளிர்காலம் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொன்னதால்தான் இந்தப் பாலைவனம். மூச்சு தேவலை. சாப்பாடுதான் இறங்கவில்லை. பதினாறு பவுண்டு இளைத்துவிட்டார். வாசலைத் தாண்டுவதில்லை. தன் பெட்டியை இன்னும் பிரிக்காமல் கதவோரம் வைத்திருக்கிறார். "பெசாக் பண்டிகை முடியட்டும், நான் ஊருக்குப் போறேன். செத்தாலும் கடிக்கிற மாதிரி ஒரு ரொட்டியத் தின்னுட்டுச் சாவறேன்" என்கிறார்.

சாவதைப் பற்றி எவ்வளவு சுலபமாகப் பேசுகிறார். எனக்கு அலுத்துவிட்டது.

மார்ச் 7, திங்கள்

இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போனேன். அங்கே ஒரு பேக்கரியில் மேல் ஓடு மொறுமொறுவென்று, சீமைச் சீரகம் தூவிய ரை ரொட்டி! மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பிள்ளையைக் கொண்டுவருவது போல. அவர் மோந்து பார்த்தார். கத்தியை எடுத்தார். பிறகு கேட்டார், "என்னென்ன போட்டிருக்கான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. பேக்கரிக்குப் போன் செய்தேன். "பால் ஊத்திப் பிசையறோம் அம்மா, அதான் அவ்வளவு பதமா இருக்கு" என்றான் பெருமையாக.

பாலும் இறைச்சியும் சேரக் கூடாத வீட்டில், எல்லாவற்றோடும் சாப்பிடும் ரொட்டியில் பால் இருக்கலாமா? பிறந்தது முதல் தெரிந்த விஷயம். அறுபத்திரண்டு வயதில், பசித்த புருஷனை நினைத்துக்கொண்டு, கேட்க மறந்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ரொட்டி பக்கத்து வீட்டு யூஃபெமியாவுக்குப் போனது. மெக்ஸிகோக்காரி, தனிக்கட்டை, மாவு பிசைந்து பிசைந்து முறுக்கேறிய கை. "நல்லாத்தானே இருக்கு! உங்க சாமி ரொம்ப நொட்டை சொல்றாரே" என்றாள் வாய் நிறைய வைத்துக்கொண்டு.

மார்ச் 8

பேகல் என்று ஒன்று வாங்கினேன். கொதிநீரில் போட்டெடுத்துச் சுட வேண்டிய வளைய ரொட்டி, அப்படியே சுட்டிருக்கிறான். அதைத் திட்டக்கூடத் தெம்பில்லை.

மார்ச் 10, வியாழன்

தங்கை கிட்டெலுக்குக் கடிதம் போட்டேன். நம் தெரு மெண்டல் பேக்கரியில் ரொட்டியைப் பொங்கவைக்கும் புளிமாவு கொஞ்சம் வாங்கி, உலர்த்தி அனுப்பு, நானே சுடுகிறேன் என்று. வீரமாக எழுதிவிட்டேன். எந்தக் கையால் பிசைவது? விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கிறது. பேனா பிடிப்பதே பெரும்பாடு.

மார்ச் 21, திங்கள்

உறை வந்தது. உள்ளே காய்ந்த சருகு போல மாவு. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "மெண்டல் உங்கள் இருவரையும் விசாரித்தார்."

சந்தோஷப்பட்டேன். பிறகு நாட்காட்டியைப் பார்த்தேன். அடுத்த திங்கள் பெசாக்! புளித்த மாவு ஒரு துணுக்குகூட வீட்டில் இருக்கக் கூடாத எட்டு நாள். ஊரே மாவைத் துடைத்து வெளியே தள்ளுகிற வாரத்தில் எந்தப் பைத்தியக்காரி புளிமாவு அனுப்புவாள்? என் தங்கைதான். கேட்டவள் மட்டும் என்ன புத்திசாலி?

இருந்தும் ஜாடியில் போட்டு, தண்ணீரும் ரை மாவும் கலந்து வைத்தேன்.

மார்ச் 25, வெள்ளி

பொங்கிவிட்டது. மூடியைத் திறந்ததும் அந்த வாசனை — மெண்டல் கடை வாசல். அவர் நாற்காலியை விட்டு எழுந்து சமையலறைக்கே வந்துவிட்டார். ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஆனால் அடுப்பை நேற்றே பண்டிகைக்குத் தேய்த்துவிட்டேன்; புளித்த மாவு இனி அதில் படக் கூடாது. அந்தத் தேய்ப்பிலேயே என் கை போய்விட்டது. இனி சுட வழியில்லை.

"கொட்டிடு" என்றார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

நான் அழுதுவிட்டேன். ஒரு ரொட்டிக்காக அழுவேனா? என்ன ஆச்சு எனக்கு? இல்லை, ரொட்டிக்காக இல்லை.

ஜாடியை மூடி மேஜையில் வைத்தார். பிறகு, "சரி, சரி, அழாத. வித்துடலாம்" என்றார்.

மார்ச் 27, ஞாயிறு

யூஃபெமியாவை அழைத்து விற்றோம். நம் மதத்தவரல்லாத ஒருவருக்கு விற்றுவிட்டால் பண்டிகை முழுக்க அது நம்முடையதில்லை. முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எல்லோரும் செய்வதுதான்.

"கால் டாலர் குடு. சும்மா வாங்கினா செல்லாது" என்றார் அவர்.

"நிஜமாவே விக்கறீங்களா, இல்ல பொம்மை விளையாட்டா?"

"நிஜமாத்தான். இது உன்னுது. நீ என்ன வேணா செய்."

"என்ன வேணாலுமா பெரியவரே?" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 31, வியாழன்

இரண்டு நாளாகப் புளிக்காத ரொட்டி. அட்டையைக் கடிப்பது போல. காலை பத்து மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ரை ரொட்டி சுடும் வாசனை. யூஃபெமியா எங்கள் மாவை — இல்லை, அவள் மாவை — சுடுகிறாள்!

அவர் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாவி" என்றார். அரைமணி கழித்து, "சூடு பத்தல. ஓடு சரியாப் பிடிக்காது" என்றார்.

ஏப்ரல் 3, ஞாயிறு

இன்றும் சுட்டாள். "இன்னிக்குக் கொஞ்சம் கருகிடுச்சு" என்று ஜன்னலிலிருந்து தீர்ப்பு. இன்று மதியம் சூப்பை முழுவதும் குடித்தார். நான் பார்க்காதது போலப் பாத்திரம் கழுவினேன். ஏதாவது சொன்னால் நிறுத்திவிடுவார்.

பெட்டி இன்னும் கதவோரம்தான்.

ஏப்ரல் 6, புதன்

பண்டிகை முடிந்தது. புளிமாவைத் திரும்ப வாங்கப் போனேன். யூஃபெமியா தரவில்லை.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. என்கிட்ட வித்தது அவரு. வாங்கறதும் அவரே வந்து வாங்கட்டும்."

வந்து சொன்னேன். "பொம்பளைக்கு என்ன திமிரு!" என்று குதித்தார், இருமினார், தொப்பியைத் தேடினார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். இருபத்தேழு அடி. நடுவில் இரண்டு முறை வேலியைப் பிடித்து நின்றார். இங்கே வந்த நாலரை மாதத்தில் முதல் முறையாக வாசலைத் தாண்டியிருக்கிறார்.

ஒரு மணி நேரம் வரவில்லை. பயந்துவிட்டேன். வரும்போது கையில் ஜாடி. "ஐம்பது சென்ட் கேக்கறா! தீனி போட்டு வளத்த கூலியாம்" என்றார். கோபமாகத்தான் சொன்னார், ஆனால் முகம் அப்படி இல்லை.

ஏப்ரல் 8, வெள்ளி

பொழுது சாய்வதற்குள் எழுதி முடிக்க வேண்டும். ஓய்வுநாள் பிறந்துவிடும்.

காலையில் யூஃபெமியா எங்கள் சமையலறைக்கு வந்து பிசைந்தாள். அவள் வீட்டு அடுப்பில் பன்றி வேகும், அதில் சுட்டால் அவர் தொட மாட்டார். இன்னொன்றும் உண்டு. வேற்று மதத்தவர் சுடும் ரொட்டி என்றால், நம்மவர் கையால் தீ மூட்டியிருக்க வேண்டும். நானே மூட்டியிருப்பேன். ஆனால் தீக்குச்சி பிடிக்க வரவில்லை என்று ஒரு பொய் சொன்னேன். கை அவ்வளவு மோசமில்லை.

அவர் மண்டியிட்டு, மூச்சு வாங்கி, மூன்றாவது குச்சியில் மூட்டினார். ரொட்டி வேகும் வரை அடுப்பெதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மதியம் வெட்டினோம். ஓடு சத்தம் போட்டு உடைந்தது. அவர் மென்றார், மென்றுகொண்டே இருந்தார். யூஃபெமியா கையில் ஒட்டிய மாவைத் துடைக்கக்கூட மறந்து நின்றாள்.

"சீரகம் பத்தல" என்றார்.

இன்னொரு துண்டு எடுத்தார். அப்புறம் இன்னொன்று. மூன்றாவதை மெல்லும்போது யூஃபெமியாவைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த வருஷமும் உனக்குத்தான் விப்பேன். ஆனா அம்பது சென்ட்டெல்லாம் கிடையாது, சொல்லிட்டேன்."

அடுத்த வருஷம்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை நாள் களைப்பும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியது. இப்போது அவர் தூங்குகிறார். கதவோரப் பெட்டியைத் திறந்து, அவர் கோட்டை அலமாரியில் மாட்டினேன்.