அஞ்சாம் நம்பர் மலைக்கு ஒரு கையெழுத்து

2009 ஜனவரி 10, சனி

மூன்று நாளாக மழை இல்லை. இந்தப் பக்கத்துக்கு இது அதிசயம். துணியெல்லாம் காய்ந்தது. ஆறாம் வகுப்பு வரவு இடாப்பு எழுதவேண்டும், எழுதவில்லை. நிவித்திகல டவுனுக்குப் போனேன். சவர்க்காரம், சிவப்புப் பேனை நான்கு, நெத்தலி.

நஸீர் நாநா தன் கொமியூனிகேஷன் கடை வாசலிலேயே மறித்தார். "டீச்சர், உங்களுக்கு வெளிநாட்டுல இருந்து ஈமெயில் ஒண்டு வந்தீக்கி. எனக்கு ஒண்டும் விளங்கல்ல."

மூன்று தடவை வாசித்தேன். பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளைத் தூசி தட்டி, இன்டர்நெட் வழியாக மறுபடி விற்கிற ஒரு கம்பனி. அவர்களுக்கு 'அஞ்சாம் நம்பர் மலை' வேண்டுமாம்.

நானும் முத்துக்குமாரும் 1995இல் செய்த விளையாட்டு. நாநா கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்திய காலம், இதே கடையின் பின்னறை. அவன் புரோகிராம், நான் படம். கூடை கட்டிய பெண் ஐந்து மலை ஏறவேண்டும். அட்டை கடிக்காமல், கங்காணி கையில் மாட்டாமல், சங்கு ஊதுவதற்குள் தேயிலைக் கொழுந்து நிறுக்கவேண்டும். நாநா கொழும்பில் யாருக்கோ கொடுத்த பிளொப்பி எப்படியோ கடல் தாண்டி ஒரு சீடியில் ஏறியிருக்கிறது. முதல் திரையில் இருந்த கடைப் பெயரை வைத்து எங்களைத் தேடிப் பிடித்தார்களாம்.

"சந்தோசமான விசயம் தானே. ஏன் டீச்சர் மொகம் இப்பிடி ஈக்கிது?" என்றார் நாநா. கேட்ட பிறகுதான் அவருக்கும் ஞாபகம் வந்தது. பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.

முத்துக்குமார், என் கொப்பியில் மு., காணாமல் போய் ஒன்றரை வருடம். கொழும்பில் கம்ப்யூட்டர் திருத்தும் கடையில் வேலை. ஒரு நாள் காலையில் அறைக்கு யாரோ வந்து, கொஞ்சம் விசாரிக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். கட்டியிருந்த சாரத்தோடு போனானாம். அவ்வளவுதான் தெரியும்.

ஜனவரி 14, புதன்

பொங்கல். பட்டாசு வேண்டாம் என்று கோயில் கமிட்டி சொல்லிவிட்டது. சண்டைக் காலம், சத்தம் கேட்டால் சந்தியில் நிற்கிற ஆமிக்காரர்கள் ஓடி வருவார்கள். பால் சத்தமில்லாமல் பொங்கியது.

கம்பனி கேட்கிறவை:
– செய்தவர்கள் முழுப்பெயர், விலாசம்.
– எல்லோர் கையெழுத்தும், மையில், தபாலில்.
– சாட்சி ஒருவர்.
– அடுத்தவன் படம், பாட்டு உள்ளே இல்லை என்ற உறுதி.

கடைசியில் ஒரு கேள்வி. எடை போடும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் இரண்டு கிலோ தானாகக் குறைகிறது, இது பிழையா, நாங்கள் திருத்திவிடலாமா?

சிரித்தேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு. அது பிழை இல்லை, எங்கள் தோட்டத் தராசு அப்படித்தான், மு. வேண்டுமென்றே வைத்தது, தொடக்கூடாது என்று எழுதினேன். "எத்தனை கிலோ எடுத்தாலும் ரெண்டு கிலோ போகும் புள்ள. அப்பத்தான் நம்ம ஆளுங்க நம்புவாங்க" என்பான்.

ஜனவரி 24, சனி

தலைவலி. கடையில் கரண்ட் போய் வந்தது.

பாட்டில் மாட்டிக்கொண்டோம். கங்காணி வரும்போது ஒரு பழைய சினிமாப் பாட்டின் மெட்டு, கீச்சுக் குரலில் வரும். மு. வாயாலேயே பாடிப் பாடி ஒவ்வொரு சுரமாகத் தட்டினான். பாட்டின் உரிமை யாரிடம், எழுத்தில் அனுமதி உண்டா என்கிறார்கள். இருபத்திரண்டு வயதில் எங்களுக்கு உரிமை என்றால் ஓட்டுரிமைதான். அவனுக்கு அதுவும் இல்லை, பிரஜாவுரிமைத் தாள் வரவில்லை.

எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். பாட்டை எடுத்த பிறகு அவர்கள் அனுப்பியதை நாநாவின் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். சத்தம் போடாமல் வருகிற கங்காணி முன்னைவிடப் பயமாக இருக்கிறான்.

ஜனவரி 31, சனி

மு. காணாமல் போனதை எழுதியிருந்தேன். மரியாதையான பதில். வருந்துகிறார்களாம். ஆனால் அவர்களின் வக்கீல் சொல்வது: உயிரோடு இருந்தால் அவர் கையெழுத்து. இறந்திருந்தால் மரணச் சான்றிதழும் வாரிசின் கையெழுத்தும்.

படிவத்தில் இரண்டு கட்டம்தான். மூன்றாவது கட்டம் இல்லை.

வாரிசு என்றால் அவன் அம்மா. லெட்சுமி பெரியம்மா. வேறு யாரும் இல்லை.

பெப்ரவரி 1, ஞாயிறு

தோட்டத்தின் மேப்பிரிவுக்கு நடந்தே ஏறினேன். ஒன்பதாம் லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். ஒரு காலத்தில் எங்கள் காம்பிராவும் அதே லயத்தில்தான், இரண்டு கதவு தள்ளி.

பெரியம்மா விறகு பிளந்துகொண்டிருந்தார். அறுபது வயதிலும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிறார். ரொட்டியும் கட்டச்சம்பலும் தந்தார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விளையாட்டைப் பற்றிச் சொன்னேன், கம்பனியைப் பற்றிச் சொன்னேன். முகம் மலர்ந்தது.

"எம் மகன் செஞ்சத வெள்ளக்காரன் கேக்குறானா?"

பிறகு சான்றிதழைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார்.

"என்னா புள்ள சொல்ற? உசுரோட இருக்குறவனுக்கு என்னயக் கொள்ளி வைக்கச் சொல்றியா?"

"இல்ல பெரியம்மா. ஒரு தாளு தான்..."

"தாளு தான். தாளு இல்லன்னு தானே நம்மள இத்தன வருசம் ஆளாவே மதிக்கல. இப்ப செத்துட்டான்னு ஒரு தாளு எழுதிட்டா, அப்புறம் அவனே வந்து நின்னாலும் எவன் நம்புவான்?"

ரொட்டித் தட்டைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தேன்.

போகும்போது கதவைக் காட்டினார். உள்பக்கம், சுண்ணாம்புக் கட்டியால், எட்டாம் வகுப்பில் அவன் போட்டுப் பழகிய கையெழுத்து. கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. "வெள்ளை அடிக்கும்போதெல்லாம் இத மட்டும் விட்டுத்தான் அடிப்பேன். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா இந்த ரெண்டு பொட்டும் எங்க கண்டாலும் தெரியும்."

இருட்டுமுன் இறங்கினேன்.

பெப்ரவரி 18, புதன்

பாடசாலையில் கூட்டம். சோக்கட்டி இல்லை, மேசை இல்லை. அதிபர் கொட்டாவி.

மரணச் சான்றிதழைப் பற்றிக் கிராம சேவகரிடம் சும்மா விசாரித்தேன். நல்ல மனிதர்தான். தாய் வந்து எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம், அவசரப்பட வேண்டாம் மிஸ் என்று சிங்களத்தில் சொன்னார். குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். "இந்தக் காலத்தில் அந்தப் பெயரை நிறையப் பேரிடம் கேட்டுத் திரியாதீர்கள்."

பெப்ரவரி 28, சனி

மார்ச் முடிவுக்குள் தாள் வரவேண்டுமாம். வராவிட்டால் பட்டியலில் இருந்து எடுத்துவிடுவார்கள்.

நாநா: "வேணாண்டு எழுதிப் போடுங்க டீச்சர். வெறும் வெளாட்டு சாமான் தானே."

வெறும் விளையாட்டுச் சாமான். எனக்கு வந்த ஆத்திரத்தில் குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

யாரும் படிக்காத கொப்பி இது, எழுதிவிடுகிறேன். எனக்கு அவன்மேல் ஆசை இருந்தது. சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. எங்களுக்குள் நடந்ததெல்லாம் அந்தப் பின்னறையில் எட்டு மாதம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததுதான். இப்போது அவன் பெயர் பொலிஸ் முறைப்பாட்டுப் புத்தகங்களில் ஒரு இலக்கத்துக்குப் பின்னால் கிடக்கிறது. ஒரே ஒரு திரையிலாவது, அவன் செய்த வேலைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இது அவனுக்காகவா எனக்காகவா என்று கேட்டால் தெரியாது. எனக்காகத்தான் போலிருக்கிறது.

மார்ச் 7, சனி

போட்டுவிட்டேன்.

காலை பத்து மணி, நல்ல வெளிச்சம், குவார்ட்டர்ஸ் மேசை. பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பதினொரு தடவை பழகினேன். படம் வரைகிற கை, நாலாவது தடவையிலேயே வந்துவிட்டது. அது எனக்கே பிடிக்கவில்லை. மு. முத்துக்குமார். கோடு. இரண்டு புள்ளி. திகதி 2009.03.07.

திகதி எழுதும்போது ஒரு கணம் சந்தோசமாக இருந்தது. இன்றைக்கு அவன் உயிரோடு இருக்கிறான், தாளில் இருக்கிறது.

விலாசத்துக்கு அவனுக்கு இருப்பது ஒன்றுதான்: மேப்பிரிவு, 9ஆம் லயம். அதையே எழுதினேன். லயத்துக்கு வரும் கடிதம் தோட்ட ஆபீசில் விழும். கிளாக்கர் ஐயா நினைத்தால், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார், நினைக்காவிட்டால் அலுமாரிக்கு அடியில் கரையான் தின்னும். என் பரீட்சை முடிவே நாலு மாதம் அங்கே கிடந்து வந்தது. எது வந்தாலும் பெரியம்மா கைக்குப் போகாது, பயமில்லை.

சாட்சிக்கு நாநா. தாளைக் கையில் எடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"டீச்சர். இது..."

"போடுங்க நாநா."

"தாய்க்குத் தெரியுமா?"

"தெரிய வேணாம்."

போட்டார். போட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனார். தபாலில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து கலண்டர் தாளை அடுப்பில் வைத்தேன்.

ஏப்ரல் 25, சனி

மழை தொடங்கிவிட்டது. அட்டை. குவார்ட்டர்ஸ் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, ஒரு வாளி, ஒரு சட்டி.

விளையாட்டு வெளியே வந்துவிட்டது. நாநாவின் கம்ப்யூட்டரில் பார்த்தேன். பச்சை மலை, என் கூடைக்காரி, பதினாறு நிறத்தில். முதல் திரையில்: புரோகிராம், மு. முத்துக்குமார். படம், ச. கமலா. கீழே யாரோ முன்பின் தெரியாதவர் எழுதியிருக்கிறார், சின்ன வயதில் விளையாடியது, எடைக்காரன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை என்று.

அழுதேன். கடையில், ஆட்கள் பார்க்க. நாநா காற்றாடியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

பெரியம்மாவுக்குச் சொல்லவில்லை. தாள் எப்படிப் போனது என்று கேட்பார்.

மே 16, சனி

கம்பனி மெயில். இரு பக்கமும் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தின் பிரதியை, கையெழுத்திட்ட ஒவ்வொருவர் விலாசத்துக்கும் தனித்தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார்களாம்.

ஒழுங்கானவர்கள். அதுதான் வினை.

மே 18, திங்கள்

பாடசாலைக்கு அரை நாள் லீவு போட்டுத் தோட்ட ஆபீசுக்கு ஓடினேன். கிளாக்கர் ஐயா ரேடியோவோடு ஒட்டியிருந்தார். ஒன்பதாம் லயத்துக்கு வெளிநாட்டுக் கடிதம் வந்தால் எனக்காக எடுத்து வையுங்கள் என்றேன்.

"வரல்லங்க டீச்சர். வந்தா பத்திரமாப் பாத்துக்கிறேன்."

மூன்று தடவை சொன்னேன். ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாம்.

மே 19, செவ்வாய்

சண்டை முடிந்துவிட்டது. டவுனில் காலையில் இருந்து வெடி. கொடி கட்டிய லொறி. சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள், பஸ்ஸை மறித்து எல்லோர் கையிலும். என் கையிலும் வைத்தார்கள். எல்லோரும் பார்க்கிறார்கள். தின்றேன்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வெடிச்சத்தத்துக்கு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். வெளியே வர மறுத்தாள். நானும் குனிந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மே 23, சனி

மழை. காலை ஒன்பது மணி. கதவு தட்டும் சத்தம்.

லெட்சுமி பெரியம்மா. தீபாவளிச் சேலை. தலைக்கு உரச்சாக்கு. மாராப்புக்குள் இருந்து பெரிய வெள்ளைக் கடித உறையை எடுத்தார், ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

"கிளாக்கர் ஐயாவே வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்தாரு. டீச்சரே தேடி வந்துச்சு, முக்கியமா இருக்கும்னு. வாசிச்சும் சொன்னாரு. மார்ச் மாசம் ஏழாந்தேதி." தாளைப் பிரித்து விரலை வைத்தார். இரண்டு புள்ளி. "எம் மகன் கை."

தாளை வாங்கப் போனேன், அவர் விடவில்லை.

"எங்க இருக்கான் கமலா? எனக்கு ஏன் மறைச்ச? சரி, பயந்திருப்ப. இப்ப தான் சண்ட முடிஞ்சிருச்சே. இனி விட்ருவாங்கல்ல?"

சொன்னேன். சொல்லிவிட்டேன். கொப்பி சாட்சி, நான் மறைக்கவில்லை. அது அவன் போட்டதில்லை பெரியம்மா, நான் போட்டேன், கலண்டர் தாளில் பழகி நான் போட்டேன் என்றேன். பேனையை எடுத்து அவர் கண் முன்னாலேயே போட்டும் காட்டினேன். பெயர், கோடு, இரண்டு புள்ளி.

நான் போட்டதைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். அப்புறம் என் கன்னத்தைத் தடவினார். பறித்துப் பறித்துக் கறுத்துப்போன விரல்கள்.

"அப்பிடிச் சொல்லச் சொன்னானா?"

"இல்ல பெரியம்மா..."

"சரி சரி. நானும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்." பையைத் திறந்து காட்டினார். அவனுடைய நீலச் சட்டை, இஸ்திரி போட்டு மடித்தது. ஒரு போத்தல் ஊறுகாய்.

கொழும்பு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறார். இதை எழுதும்போதும் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே வரமாட்டேன் என்கிறார்.